பல ஒளிப்படங்கள், ஒரு கற்பனை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கட்டற்ற உரிமத்தில் கிடைக்கும் ஒளிப்படங்களை இணைத்துக் கணினியில் கற்பனைப் படங்களை உருவாக்குவது பற்றி வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். படம் ஒட்டுப்போட்டதுபோல் தெரிகிறதே என்பது சிலருடைய கவலை. யாருடைய படத்தை எந்த அளவுக்கு எடுத்தாளலாம் என்பது மற்றவர்களுடைய கவலை. இரண்டையும் ஒரே கலையின் பகுதிகளாகவே நான் கருதுவதால், கடிதங்களைப் பிரிக்காமல் கலந்தே பதில் எழுதியிருக்கிறேன்.

நான் எடுக்காத படங்களை வெட்டி இணைத்துச் செய்வதை என் படைப்பு என்று சொல்லிக்கொள்ளலாமா? வீட்டில் இதைக் 'காப்பி' என்கிறார்கள்.
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். ஒளிப்படக் கலை பிறந்து இருபது ஆண்டுகள் ஆவதற்குள்ளேயே இணைப்புப் படங்களும் பிறந்துவிட்டன. பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே 1850-களின் பிற்பகுதியில் எடுத்த கடற்காட்சிகளில் சிலவற்றில் வானம் ஒரு நெகட்டிவ், கடல் வேறொரு நெகட்டிவ். அக்காலத்து ஒளிப்படத்துக்குப் பயன்பட்ட கொலோடியன் பூசிய கண்ணாடித் தகடு நீல ஒளிக்கு அளவுக்கு மீறி எதிர்வினை காட்டியதால், கடலுக்கு ஏற்ற நேரம் கொடுத்தால் வானம் வெளிறிப்போகும். எனவே இரண்டையும் தனித்தனியாக எடுத்துத் தொடுவானக் கோட்டில் சேர்த்தார். 1857-இல் ஆஸ்கர் ரெய்லாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை இணைத்து ஒரு பெரிய படத்தை மான்செஸ்டர் கண்காட்சியில் வைத்தபோதும் இன்று உங்கள் வீட்டில் நடக்கும் விவாதமேதான் நடந்தது. விக்டோரியா அரசி அந்தப் படத்தின் ஒரு பிரதியை வாங்கினார். அமெரிக்காவின் ஜெரி யூல்ஸ்மன், இருட்டறையில் பல என்லார்ஜர்களை (நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் அச்சிடும் கருவிகளை) வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு நெகட்டிவைப் பொருத்தி, ஒரே தாளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்திக் கனவுபோன்ற படங்களை அச்சிட்டார். 1967-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி நடத்தியது.

நீங்கள் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்குப் போயிருந்தால் ரிஷபகுஞ்சரம் என்ற சிறு சிற்பத்தைப் பார்த்திருக்கலாம். யானை ஒன்றும் காளை ஒன்றும் எதிரெதிராக நிற்க, இரண்டுக்கும் ஒரே தலை. யானையின் உடலை மறைத்துப் பார்த்தால் காளை. காளையின் உடலை மறைத்தால் யானை. யானையும் காளையும் சிற்பி கண்டுபிடித்தவை அல்ல என்றாலும், ஒன்றின் வளைவு மற்றொன்றுக்கும் பொருந்துவதைக் கண்ட கண் அவருடையது. இணைப்புக் கலைஞர் செய்ய வேண்டிய வேலையும் அதுவே. எந்தெந்தப் படங்களைச் சேர்ப்பது என்று முடிவு செய்வதற்கு முன்னால், எந்தக் கோடு இரண்டு பொருள்களுக்கும் பொதுவாக இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்: மலைமுகடும் உறங்குபவரின் தோளும், பனையோலை விரிப்பும் மயில்தோகையும், மரத்தின் வேரும் ஆற்றின் கிளைகளும். அப்படி ஒரு பொருத்தம் கிடைத்த படம் பார்ப்பவர் நினைவில் தங்கும். வானத்தில் ஒரு திமிங்கிலத்தை ஒட்டிவைப்பது மட்டும் கற்பனையாகிவிடாது.

ஒரு நாவலின் அட்டைக்காக மூன்று படங்களை இணைத்தேன். ஒன்று பெயர் குறிப்பிட்டால் போதும் என்ற உரிமத்திலும், ஒன்று அதேபோல் பகிர வேண்டும் என்ற உரிமத்திலும், ஒன்று வணிகப் பயன்பாடு கூடாது என்ற உரிமத்திலும் உள்ளன. மூன்றுமே கிரியேட்டிவ் காமன்ஸ் என்பதால் சிக்கல் இல்லைதானே?
– அட்டை வடிவமைப்பாளர், கோயம்புத்தூர்

சிக்கல் இருக்கிறது, அச்சுக்குப் போகும் முன் கேட்டது நல்லதாயிற்று. கிரியேட்டிவ் காமன்ஸ் என்பது, தம் படைப்பை மற்றவர்கள் எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்று படைப்பாளரே முன்கூட்டி அனுமதிப்பதற்காக 2002 டிசம்பரில் முதன்முதலில் வெளியிடப்பட்ட ஓர் உரிமக் குடும்பத்தின் பெயர். அதன் உறுப்புகள் ஒன்றோடொன்று எப்போதும் ஒத்துப்போவதில்லை. பெயர் குறிப்பிடல் மட்டும் கேட்கும் 'பிஒய்' உரிமம் மிகவும் இணக்கமானது. 'எஸ்ஏ' சேர்ந்த உரிமம், அந்தப் படத்திலிருந்து உருவாகும் புதிய படத்தையும் அதே உரிமத்தில் வெளியிடச் சொல்கிறது. அதாவது உங்கள் அட்டைப் படத்தை வேறு எவரும் விலைக்கு விற்கும் பொருளிலும் பயன்படுத்தலாம் என்று நீங்கள் அனுமதித்தாக வேண்டும். ஆனால் வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் 'என்சி' உரிமத்தில் உள்ள மூன்றாவது படம் அந்த அனுமதியைத் தர உங்களை விடாது. ஒன்றின் நிபந்தனையை நிறைவேற்றினால் மற்றொன்றின் நிபந்தனை மீறப்படுவதால், இந்த இரண்டையும் ஒரே படத்தில் கலந்து வெளியிட வழியே இல்லை. நாவல் விற்பனைக்கு வருவது என்பதால், கலப்பு இல்லாவிட்டாலும் 'என்சி' படம் உங்களுக்குப் பொருந்தாது.

எனவே மூன்றாவது படத்தை எடுத்துவிட்டு வேறொன்றைத் தேடுங்கள். அந்தப் படம்தான் வேண்டும் என்றால், எடுத்தவருக்கு நேரடியாக எழுதித் தனி அனுமதி கேளுங்கள். உரிமையாளர் அவரே என்பதால் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துக்கு வெளியேயும் அவரால் அனுமதி தர முடியும். தனி அனுமதியைப் பெறும்போது, உங்கள் இணைப்புப் படம் 'எஸ்ஏ' உரிமத்தில் வெளிவரும் என்பதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இரண்டாவது படம் இருக்கும்வரை அட்டை ஓவியம் 'பிஒய்-எஸ்ஏ' உரிமத்தில்தான் வெளிவர வேண்டும் என்பதைப் பதிப்பாளருக்கும் முன்கூட்டியே தெரிவியுங்கள். உள்ளேயுள்ள நாவலின் உரையை அந்த நிபந்தனை தொடாது என்று சொன்னால் அவர்கள் அச்சம் பெரும்பாலும் தீரும்.

இந்தக் குடும்பத்தில் நம் கலைக்கு முற்றிலும் உதவாதது 'என்டி' சேர்ந்த உரிமம். மாற்றங்கள் செய்த வடிவத்தைப் பகிரக் கூடாது என்பதே அதன் பொருள் என்பதால், அத்தகைய படத்திலிருந்து வெட்டியெடுத்த ஒரு மேகத்தைக்கூட வெளியிடும் படத்தில் சேர்க்க முடியாது. மறுபுறம், எல்லா உரிமைகளையும் விட்டுக்கொடுக்கும் 'சிசி சீரோ' எதனுடனும் சேரும். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017-இலும், ஸ்மித்சோனியன் நிறுவனம் 2020-இலும் தங்கள் தொகுப்புகளில் லட்சக்கணக்கான படங்களை இந்த வகையில் திறந்துவிட்டன. பழைய தாவர ஓவியங்கள், பீங்கான் ஜாடிகள், கவசங்கள், பட்டுத்துணிகள் என்று தேடத் தொடங்கினால் ஒரு மாலைப்பொழுது போதாது. கட்டற்ற படங்களின் இணையக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகம் 'என்சி', 'என்டி' படங்களை ஏற்பதே இல்லை. தொடக்கநிலையாளர்களுக்கு நான் முதலில் அதைப் பரிந்துரைப்பதற்கு அதுவே காரணம்.

இன்னொன்று. ஒருவர் இன்று திறந்த உரிமத்தில் வைத்திருக்கும் படத்தை நாளை 'அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை' என்று மாற்றிவிடலாம். நீங்கள் பழைய உரிமத்தில் பெற்ற அனுமதி அதனால் ரத்தாகாது. ஆனால் அதைக் காட்டச் சான்று வேண்டும். ஆகவே பதிவிறக்கும்போதே, உரிமம் தெளிவாகத் தெரியும்படி அந்தப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து, தேதியுடன் படத்தின் பக்கத்திலேயே சேமித்துவிடுங்கள்.

இலவசப் படத் தளங்களில் எடுப்பவற்றுக்குப் பெயர் போட வேண்டியதில்லை என்கிறார்களே?
– வாசகர், சேலம்

அன்ஸ்பிளாஷ் 2017 வரையிலும், பிக்சாபே 2019 வரையிலும் 'சிசி சீரோ'வைப் பின்பற்றின. பிறகு இரண்டும் தங்களுக்கென்று தனி உரிமத்தை வகுத்துக்கொண்டன. பெயர் குறிப்பிடுவதை அவை கட்டாயமாக்கவில்லை என்பது உண்மை. படத்தை எந்த மாற்றமும் செய்யாமல் அப்படியே விற்பதை அவை தடுக்கின்றன. இணைப்புப் படத்துக்கு அதனால் பெரும்பாலும் இடையூறு வராது. இருந்தாலும் பெயரைப் போடுங்கள் என்பதே என் கருத்து. அதிகாலையில் மலையேறி அந்த மூடுபனியை எடுத்தவர் ஒரு மனிதர். அவர் கேட்கவில்லை என்பதற்காக நாம் மறந்துவிட வேண்டியதில்லை.

மாஸ்க் (படத்தின் பகுதியை மறைப்பது), லேயர் (படங்களை அடுக்கும் படலம்), பிளெண்ட் மோடு (படலங்கள் கலக்கும் முறை) எல்லாம் கற்றுக்கொண்டேன். வெட்டும் ஓரங்களும் சுத்தமாகவே வருகின்றன. ஆனாலும் பார்த்தவுடன் 'ஒட்டியது' என்று தெரிகிறது. எங்கே தவறுகிறேன்?
– ஸ்டூடியோ உரிமையாளர், தஞ்சாவூர்

நீங்கள் அனுப்பிய மாதிரிப் படத்தில் மெரினா கடற்கரையும், ஐரோப்பிய நகரத் தெருவில் எடுக்கப்பட்ட ஒரு பெண்ணும், பிறைநிலவும் இருக்கின்றன. ஓரங்கள் உண்மையிலேயே சுத்தமாக இருக்கின்றன. ஒளிதான் மூன்று வெவ்வேறு ஊர்களைச் சொல்கிறது.

முதலில் நிழலைப் பாருங்கள். கடற்கரைப் படம் நண்பகலில் எடுக்கப்பட்டது. சென்னையில் ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் சூரியன் நேர் உச்சிக்கே வருவதால் நிழல் காலடியிலேயே சுருண்டுவிடும். அந்தப் பெண்ணின் முகத்தில் விழுந்திருப்பதோ பக்கவாட்டிலிருந்து தாழ்வாக வரும் ஐரோப்பிய ஒளி. மூக்கின் நிழல் கன்னத்தில் நீள்கிறது. கன்னத்தில் நீளும் நிழலுக்கும் காலடியில் சுருளும் நிழலுக்கும் ஒரே சூரியன் இருக்க முடியாது. பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் கண் உடனே கண்டுபிடித்துவிடும். மென்பொருளில் ஒளியின் திசையைத் திருப்ப முயல்வதைவிட, ஒளி பொருந்தும் வேறொரு கடற்கரைப் படத்தைத் தேடுவது எளிது. தேடலுக்குச் செலவிடும் நேரத்தைத் தயங்காமல் இரட்டிப்பாக்குங்கள். நல்ல இணைப்புப் படத்தின் பெரும்பகுதி மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

அடுத்தது தொடுவானம். சமதளத்தில் நிற்பவரின் கண் உயரத்தில் கேமராவைப் பிடித்து எடுத்தால், அதே உயரமுள்ள எல்லோருடைய கண்களும், அருகில் நின்றாலும் தொலைவில் நின்றாலும், தொடுவானக் கோட்டிலேயே அமையும். உங்கள் படத்தில் தொடுவானம் அந்தப் பெண்ணின் முழங்காலுக்கு அருகே ஓடுவதால், கேமரா மணலை ஒட்டித் தாழ்வாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அவரை எடுத்த கேமரா அவருடைய முகத்தை நேராகப் பார்க்கிறது. ஆளைக் கீழே இறக்கிக் கண்ணையும் கடற்கோட்டையும் சேர்த்து வைத்தால் பாதிக் குறை போய்விடும்.

பிறகு தரையைத் தொடும் இடம். பலர் நிழலை ஒரே அடர்த்தியில் ஒரு கறுப்புப் பட்டையாகப் போட்டுவிடுகிறார்கள். பாதம் மணலைத் தொடும் இடத்தில் நிழல் அடர்ந்தும் கூர்மையாகவும், விலகிப் போகப் போக ஓரம் மங்கியும் இருக்கும்; வானில் சூரியன் ஒரு புள்ளியாக இல்லாமல் அரைப் பாகை அகல வட்டாக இருப்பதே காரணம். திறந்தவெளி நிழலில் வானத்தின் நீலமும் கலந்திருக்கும். எனவே கீழுள்ள படத்தை இருளச் செய்யும் மல்டிப்ளை முறையில் தூய கறுப்புக்குப் பதிலாகக் கருநீலத்தைப் பயன்படுத்தி, பாதத்துக்கு நேர் கீழே மட்டும் மிகச் சிறிய அடர்நிழல் ஒன்றைத் தனி லேயரில் சேருங்கள். ஆள் நிலத்தில் நிற்கத் தொடங்குவார்.

பிறைநிலவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள நம் ஊரில் மாலைப் பிறை ஏறக்குறையக் கிடையாகப் படுத்து, இரு முனைகளும் மேல்நோக்கி இருக்கும். நீங்கள் எடுத்திருப்பது வடக்கே எடுக்கப்பட்ட, நிமிர்ந்து நிற்கும் பிறை. மேலும், மாலைப் பிறை மேற்கு வானில்தான் தெரியும். மெரினாவில் கடல் இருப்பதோ கிழக்கே. கற்பனைப் படத்தில் நிலவு எங்கே வேண்டுமானாலும் உதிக்கலாம் என்பதை ஏற்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் ஒரு விதியை மீறும்போது மீறுகிறோம் என்று படம் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். கடல்மேல் பிறையை வானின் பாதியளவுக்குப் பெரிதாக்கி வைத்தால் அது கற்பனை. இயல்பான அளவில் தவறான இடத்தில் வைத்தால் கவனக்குறைவாகவே தோன்றும். பிறையின் இருண்ட பகுதிக்குள் நட்சத்திரம் தெரியும்படி வைப்பதும் அப்படித்தான். அங்கே நிலவின் உடல் இருக்கிறது.

கடைசியாக, மூன்று படங்களின் துகள்தன்மையும் கூர்மையும் வெவ்வேறாக இருக்கின்றன. எல்லா லேயர்களையும் சேர்த்த பிறகு, மிக மென்மையான ஒரே நாய்ஸை (துகள்போன்ற புள்ளிகளை) முழுப்படத்தின் மேலும் பரப்புங்கள். அதற்கு முன், தற்காலிகமாகப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். நிறம் மறைந்தவுடன், எந்தத் துண்டின் கறுப்பு மற்றவற்றைவிட ஆழமாக இருக்கிறது என்பது தெரிந்துவிடும். தொலைவிலுள்ள பொருளின் கறுப்பு ஒருபோதும் அருகிலுள்ளதன் கறுப்பை மிஞ்சக் கூடாது. இடையிலுள்ள காற்று அதை வெளிறச் செய்யும். இந்த ஒன்றைச் சரிசெய்தாலே படத்துக்கு ஆழம் வந்துவிடும்.

விண்வெளிப் படங்களைப் பின்னணியாக வைக்க ஆசை. நாசா படங்களுக்கு உரிமம் வேண்டாம் என்பது சரியா?
– பள்ளி ஆசிரியர், யாழ்ப்பாணம்

நாசா தானே உருவாக்கிய படங்களுக்கு அமெரிக்காவில் பொதுவாகப் பதிப்புரிமை இல்லை. மூலத்தைக் குறிப்பிடுமாறு மட்டும் கேட்கிறது. ஆனால் அதன் இலச்சினையைப் பயன்படுத்தக் கூடாது. அடையாளம் தெரியும் விண்வெளி வீரர் ஒருவரை விளம்பரத்தில் சேர்ப்பதும் சரியாகாது. நாசா பக்கத்தில் வெளியாகும் எல்லாப் படங்களும் நாசாவுடையவை அல்ல என்பதால் படத்தின் கீழுள்ள குறிப்பைப் படியுங்கள். ஐரோப்பிய விண்வெளி முகமை வெளியிடும் ஹபிள், வெப் விண்வெளித் தொலைநோக்கிப் படங்களும், ஐரோப்பியத் தெற்கு வானியல் ஆய்வகத்தின் படங்களும் பெயர் குறிப்பிடல் உரிமத்தில் கிடைக்கின்றன. அவர்கள் கொடுத்திருக்கும் வரியை மாற்றாமல் அப்படியே எழுத வேண்டும்.

கலை நோக்கில் ஒரு நுட்பம்: ஹபிள் படத்தில் பிரகாசமான விண்மீனுக்கு நான்கு ஒளிக்கதிர்கள் நீளும், வெப் படத்தில் ஆறு பெரிய கதிர்களும் இரண்டு சிறியவையும் தெரியும். தொலைநோக்கியின் கண்ணாடியும் அதைத் தாங்கும் சட்டங்களும் உண்டாக்கும் வடிவம் அது. இரண்டையும் ஒரே வானத்தில் கலந்தால் உங்கள் மாணவர்களில் ஒருவராவது கேட்காமல் இருக்க மாட்டார். கறுப்புப் பின்னணியுள்ள இந்தப் படங்களை வெட்டவே வேண்டாம்; ஸ்கிரீன் முறையில் மேலே வைத்தால் கறுப்பு தானாக மறைந்து ஒளி மட்டும் நிற்கும்.

கோயில் சிற்பங்கள், பழைய காலண்டர் சாமி படங்கள், திருவிழாவில் எடுக்கப்பட்ட மனிதர்கள் – இவற்றைச் சேர்க்கலாமா?
– வாசகி, மதுரை

மூன்றும் மூன்று வகை. பழங்கோயில் சிற்பத்துக்கு இன்று பதிப்புரிமை இல்லை. ஆனால் அதை எடுத்த ஒளிப்படத்துக்கு உண்டு. ஆகவே அந்தப் படத்தின் உரிமத்தைப் பார்த்தே எடுக்க வேண்டும். பொது இடத்தில் நிலையாக வைக்கப்பட்ட அண்மைக்காலச் சிற்பத்தையும் ஒளிப்படம் எடுத்து வெளியிட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது.

காலண்டர் படங்களில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பழையது என்பதால் பொதுச்சொத்து ஆகிவிடாது. இந்தியாவில் ஓவியத்தின் பதிப்புரிமை ஓவியரின் காலத்துக்குப் பின்னும் 60 ஆண்டுகள் நீடிக்கும். ரவிவர்மா 1906-இல் மறைந்தார் என்பதால் அவருடைய ஓவியங்கள் எல்லோருக்கும் உரியவை. கோவில்பட்டியின் கொண்டையராஜு 1976-இல்தான் மறைந்தார். அவர் வரைந்தவற்றுக்கு 2036 முடியும்வரை காத்திருக்க வேண்டும்.

மனிதர்களின் படங்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைத் தருபவர் படம் எடுத்தவர். படத்தில் இருப்பவரின் சம்மதம் அதில் அடங்காது. 2007-இல் ஆஸ்திரேலியாவின் கைப்பேசி நிறுவனம் ஒன்று, பெயர் குறிப்பிடல் உரிமத்தில் இருந்த ஒரு படத்திலிருந்து அமெரிக்கச் சிறுமி ஒருத்தியை எடுத்துக் கிண்டலான வாசகத்துடன் விளம்பரப் பலகையில் வைத்தது. குடும்பத்தார் நீதிமன்றம் சென்றனர். அந்த வழக்கு அதிகார வரம்பு காரணமாகத் தள்ளுபடியானாலும், அந்தச் சிறுமிக்கு நேர்ந்தது நேர்ந்ததுதான். திருவிழாவில் தீச்சட்டி ஏந்தி நிற்கும் ஒரு தாயின் முகத்தை அரக்கியாக மாற்ற எந்த உரிமமும் உங்களுக்குத் தார்மீக அனுமதி தராது. முகம் தெரியாத பின்புறத் தோற்றம், நிழலுருவம், கை ஆகியவற்றைத் தேடுங்கள். அல்லது உங்கள் வீட்டிலுள்ளவரை, பின்னணிக்குப் பொருந்தும் ஒளியில் நிறுத்தி நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். ஒளிப் பொருத்தம் தானாகவே கிடைத்துவிடும் என்பதால் நான் விரும்புவது இந்த வழியைத்தான்.

விலை கொடுத்து மென்பொருள் வாங்க வசதி இல்லை.
– பாலிடெக்னிக் மாணவர், விழுப்புரம்

வேண்டியதில்லை. கிம்ப், கிரிட்டா இரண்டும் கட்டற்ற மென்பொருள்கள். லேயரும் மாஸ்க்கும் இரண்டிலும் உண்டு. பழைய கணினியாக இருந்தால் உலாவியிலேயே இயங்கும் போட்டோபியாவை முயன்று பாருங்கள். அழிப்பான் கருவியை மறந்துவிட்டு எல்லாவற்றையும் மாஸ்க் கொண்டு மறைக்கப் பழகுங்கள். பிறகு மனம் மாறினால் மறைத்ததை மீட்கலாம். ஏ3 அளவில் நன்றாக அச்சிட அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 3508 × 4961 பிக்சல் தேவைப்படும். அந்த அளவில் கோப்பைத் தொடங்கினால், எந்தப் படம் போதாது என்று முதல் நாளே தெரியும்.

கல்லூரிக் கண்காட்சியில் வைக்கும் என் படத்தில் பதினொரு பேரின் ஒளிப்படங்கள் உள்ளன. அத்தனை பெயர்களையும் எங்கே, எப்படி எழுதுவது?
– நுண்கலை மாணவர், கும்பகோணம்

ஒவ்வொரு படத்துக்கும் நான்கு செய்திகள் வேண்டும்: படத்தின் தலைப்பு, எடுத்தவர் தம்மை எப்படிக் குறிப்பிடச் சொல்கிறாரோ அந்தப் பெயர், கிடைத்த இடம், உரிமத்தின் பெயரும் பதிப்பு எண்ணும். இவற்றுடன், வெட்டியும் நிறம் மாற்றியும் பயன்படுத்தியிருக்கிறீர்கள் என்ற குறிப்பையும் சேர்க்க வேண்டும். மாற்றம் செய்ததைச் சொல்வதும் உரிமத்தின் நிபந்தனையே. படத்தின் மேலேயே இவற்றை எழுத வேண்டும் என்று எந்த உரிமமும் கட்டாயப்படுத்தவில்லை. சூழலுக்கு ஏற்ற நியாயமான வழி போதும் என்பதால், படத்தின் சட்டகத்துக்குப் பக்கத்தில் ஓர் அட்டையை மாட்டலாம். அதில் உங்கள் படத்தின் சிறிய கோட்டுருவை வரைந்து, ஒவ்வொரு பகுதிக்கும் எண்ணிட்டு, எண்ணுக்கு நேரே பெயரை எழுதினால், பார்வையாளர்கள் படத்தைவிட்டு அட்டைக்கும் அட்டையைவிட்டுப் படத்துக்கும் மாறி மாறிப் போவதை நீங்களே காண்பீர்கள். எந்த மேகம் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று அறிவதில் மக்களுக்கு உண்மையான ஆர்வம் இருக்கிறது.

பதினொருவரில் யாராவது 'எஸ்ஏ' உரிமத்தில் கொடுத்திருந்தால், உங்கள் படமும் அதே உரிமத்தில் வெளிவருகிறது என்ற வரியை அட்டையின் கீழே சேர்க்க மறவாதீர்கள். இணையத்தில் பதிவேற்றும்போது அதே பட்டியலை விவரப் பகுதியில் சுட்டிகளுடன் இடுங்கள். பெயர் ஏதேனும் விடுபட்டுவிட்டால், உரிமத்தின் நான்காம் பதிப்பின்படி தெரியவந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் திருத்தினால் இழந்த அனுமதி திரும்பக் கிடைக்கும். படம் முடிந்ததும் அந்தப் பதினொரு பேருக்கும் ஒரு பிரதியை அனுப்புங்கள். அவர்களில் பலர் தாங்கள் திறந்துவிட்ட படம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை அறியாமலேயே இருப்பார்கள்.